300 ரூபாய்க்கு ராஜராஜன் காசு! பழைய நாணயம் சேர்க்கலாமா? பில் ஏன் முக்கியம்?



"டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு இருக்கா? லட்சக்கணக்கில் வாங்கிக்கிறோம்!" இந்த மெசேஜ் உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புலயும் சுத்தியிருக்கும். ஆசைப்பட்டு போன் பண்ணினா முதல்ல கமிஷன் கட்டுங்க, அப்புறம் வரி கட்டுங்கன்னு ஆரம்பிப்பாங்க. ரிசர்வ் வங்கி பேரையும் முத்திரையையும்கூட காட்டுவாங்க. இதுக்கு 2021 ஆகஸ்ட்லயே ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விட்டுச்சு: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விக்கிற வேலையை நாங்க செய்யறதில்லை, அதுக்குக் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அனுமதியும் கொடுக்கலைன்னு.

அப்போ பழைய காசு சேர்க்கிறதே ஏமாத்து வேலையா? இல்லை. சம்பளக்காரங்க மாசம் சில நூறு ரூபாயில செய்யக்கூடிய நல்ல பொழுதுபோக்கு அது. ஆனா அதுல பணமும் இருக்கு, சட்டமும் இருக்கு. கள்ளக்குறிச்சி பக்கத்து ஆளுங்களுக்கு இது ரெண்டுமே கொஞ்சம் அதிகமாவே தேவைப்படும்.

ஆயிரம் வருஷப் பழசு, ஆனா ஏன் இவ்வளவு மலிவு?

முதலாம் ராஜராஜன் (985–1014) வெளியிட்ட செப்புக் காசு ஒண்ணு, சுமாரான நிலையில இருந்தா, இன்னைக்கும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு பக்கம் நிக்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்துல நாகரி எழுத்துல "ஸ்ரீ ராஜராஜ". ராஜராஜனோட அம்மா வானவன் மாதேவி, திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் குலத்துப் பெண். அந்தத் திருக்கோவிலூர் இப்போ, 2019 நவம்பர்ல உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்துல இருக்கு. அதாவது நம்ம ஊர்ப் பேரன் போட்ட காசு, ஒரு பிரியாணி விலைக்கு!

மலிவுக்குக் காரணம் எளிமையானது: அந்தக் காசு ஏராளமா அடிக்கப்பட்டது, இன்னும் ஏராளமா கிடைக்குது.

இன்னொரு உதாரணம். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1808ல இங்கிலாந்துல அடிச்ச செப்புக் காசுகளை ஏத்திக்கிட்டு வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில இங்கிலாந்துக் கரையைத் தாண்டுறதுக்குள்ளயே மூழ்கிப்போச்சு. 1980கள்ல முக்குளிச்சு லட்சக்கணக்கான காசுகளை வெளியே எடுத்தாங்க. 200 வருஷப் பழசு, கப்பல் கதை வேற. ஆனாலும் விலை ஏறலை. சந்தையில அவ்வளவு இருக்கு.

நினைவுல வச்சுக்க வேண்டியது இதுதான்: வயசு விலையைத் தீர்மானிக்காது. எத்தனை மிஞ்சியிருக்கு, எத்தனை பேர் தேடுறாங்க, எழுத்தும் உருவமும் எவ்வளவு தெளிவா இருக்கு, இந்த மூணும்தான் தீர்மானிக்கும்.

இது முதலீடா?

ஒரு கணக்கு போடுவோம். 500 ரூபாய்க்கு ஒரு காசு வாங்குறீங்க. மறுநாளே விக்கப் போனா, வியாபாரி 300 ரூபாய்க்குத்தான் எடுப்பார்னு வச்சுக்கோங்க. அவருக்கும் கடை வாடகை, லாபம் வேணுமே. போட்ட 500 திரும்பக் கிடைக்கணும்னா சந்தை விலை சுமார் 833 ரூபாய் ஆகணும். வருஷம் 7% ஏறினாலும் அதுக்கு ஏழரை வருஷம் ஆகும். நிஜமாவே ஏழரைதான்!

வித்து லாபம் வந்தாலும் வரி உண்டு. வருமான வரிச் சட்டத்துல நம்ம சொந்தப் பயன்பாட்டுப் பொருளுக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனா நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு இதெல்லாம் அந்தச் சலுகையில வராது.

அதனால அவசரகால நிதி, இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் போன பிறகு, சினிமாவுக்கும் ஹோட்டலுக்கும் ஒதுக்குற பணத்துல இருந்து மாசம் 500 ரூபாய் எடுங்க. வருஷத்துக்கு 6,000. அந்தப் பணம் திரும்ப வரும்னு எதிர்பார்க்காதீங்க. வந்தா சந்தோஷம்.

மண்ணுல கிடைச்சா அது நம்மளோடதா?

ஊர்ல வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுறப்பவோ, நிலத்தை உழுறப்பவோ காசு கிடைக்கும். "நம்ம நிலம்தானே, நமக்குத்தான்"னு சொல்லுவாங்க. சட்டம் அப்படிச் சொல்லலை.

1878ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுல புதைஞ்சிருந்து கிடைக்கிற பொருளோட மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலமா தெரிவிக்கணும். மறைச்சா ஒரு வருஷம் வரை சிறை, இல்லை அபராதம், இல்லை ரெண்டும். முறையா சொன்னா வெறுங்கையோட விட்டுடுவாங்கன்னு பயப்பட வேண்டாம். உரிமையாளர் யாருமில்லாத 100 வருஷப் பழைய புதையல்னு முடிவானா, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு பிரிக்கவும் சட்டத்துல வழி இருக்கு. தனியா ஒப்பந்தம் எதுவும் இல்லைன்னா கண்டெடுத்தவருக்கு நாலுல மூணு பங்கு. அரசே எடுத்துக்கிட்டாலும், உலோக மதிப்போட ஐந்துல ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கணும்.

கல்வராயன் மலைக்கு பைக்ல போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அருவி பாருங்க, போட்டோ எடுங்க. பழைய கற்திட்டை, பானை ஓடு கண்ணுல பட்டா நினைவுப் பொருளா பையில போட்டுக்காதீங்க. இருந்த இடத்துல இருந்தாத்தான் அதுக்கு வரலாறு. எடுத்துட்டா வெறும் ஓடு.

சிலை பக்கமே போகாதீங்க

1972ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துல 100 வருஷத்துக்கு மேற்பட்ட நாணயமும் தொல்பொருள்தான். வீட்டுல வச்சிருக்கிற காசைப் பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்லை. ஆனா பழைய கல், உலோகச் சிற்பங்களைத் தொல்லியல் துறையில பதிவு பண்ணியே ஆகணும். வாங்கி விக்கிறதையே தொழிலா செஞ்சா லைசென்ஸ் வேணும். "சைடு இன்கம்" பிளான் இருக்கிறவங்க இதைக் கவனிங்க. சிங்கப்பூர்ல இருக்கிற அண்ணனுக்குப் பரிசா ஒரு சோழர் காசு அனுப்பலாமேன்னும் நினைக்காதீங்க. தனிநபர் தொல்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனா குறைஞ்சது 6 மாசம் சிறை, அதிகபட்சம் 3 வருஷம்.

காகிதம் சரியில்லைன்னா எவ்வளவு பெரிய இடமும் ஏமாறும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில்ல திருடின நடராஜரை, 2008ல ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்குச்சு. காட்டின ஆவணங்கள் போலி. 2014ல சிலை இந்தியாவுக்கே திரும்பி வந்துடுச்சு.

முதல் காசு வாங்கும்போது

1. முதல்ல பாருங்க, அப்புறம் வாங்குங்க. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல நாணயத்துக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. அசல் எப்படி இருக்கும்னு கண்ணு பழகணும்.

2. மலையமான் மாதிரியான சங்ககாலக் காசை முதல் காசா வாங்காதீங்க. நம்ம ஊர்க் காசுங்கிற ஆசை இருக்கும். ஆனா விலையும் அதிகம், போலியும் அதிகம். இரா. கிருஷ்ணமூர்த்தி சங்ககாலக் காசுகளைப் பத்தி எழுதின புத்தகங்களைப் படிச்சிட்டு நிதானமா வாங்க.

3. சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வச்சுக்கோங்க. 1835ம் வருஷ வெள்ளி ஒரு ரூபாய் 11.66 கிராம் இருக்கணும். தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம், ரொம்பக் குறைஞ்சா சந்தேகப்படுங்க. விளிம்புல ஒட்டுப்போட்ட மாதிரி கோடு ஓடினா அது அச்சுல வார்த்த போலியா இருக்கலாம்.

4. புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீங்க! குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது மேல்பூச்சையும் விலையையும் சேர்த்தே கரைச்சிடும்.

5. பில் வாங்குங்க. காசோட பேர், எடை, விலை, தேதி, விக்கிறவரோட முகவரி, எல்லாம் அதுல இருக்கணும். "பில் எல்லாம் வேணாம் சார், வயக்காட்டுல கிடைச்சது, அதான் சீப்பு"ன்னு சொன்னா, அதே காரணத்துக்காகவே வாங்காம திரும்பி வந்துடுங்க.

ஏன்னா நாளைக்கு நீங்க விக்கப் போனாலும், உங்க பிள்ளைகிட்ட கொடுத்தாலும், யாராவது கேள்வி கேட்டாலும், காசுக்காகப் பேசப்போறது அந்தக் காகிதம்தான். 300 ரூபாய்க் காசா இருந்தாலும் பில்லோட சேர்த்து ஒரே கவர்ல பத்திரப்படுத்துங்க.

அந்த டிராக்டர் நோட்டு மெசேஜை அனுப்பின சித்தப்பாவுக்கு இந்தப் பதிவை ஃபார்வர்டு பண்ணிடுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.