காலவழுவும் நகையும்: ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யை முன்வைத்து

திரைப்படங்களில் தென்படும் காலப் பிறழ்ச்சிகளைத் தொகுத்துப் பட்டியலிடுதல் இன்று பரவலான வழக்கமாகியுள்ளது. அரசர் காலக் கதையில் மின்கம்பம் தெரிவதும், போர்வீரன் மணிக்கட்டில் கைக்கடிகாரத் தழும்பு தெரிவதும் இவ்வகையின. இப்பட்டியல்கள் நகைச்சுவைப் படங்களை எட்டும்போது இடறுகின்றன. பிழையும் உத்தியும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டுவிடுகின்றன. இரண்டையும் பிரித்தறியும் கருவி தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது.

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு வகைப்படும் என்கிறது நன்னூல். வழுவேயாயினும் காரணம் பற்றி ஏற்கப்படுவது வழுவமைதி. காலம் மயங்குவதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு காரணங்களைப் பவணந்தியார் ஏற்கிறார். இன்னும் புறப்படாதவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது விரைவு பற்றிய அமைதி. இந்நான்கனுள் நகை இடம்பெறவில்லை. சொல்லிலக்கணத்தைக் காட்சிக்கலைக்கு நீட்டுவோர் அதனை ஐந்தாவது காரணமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சிம்புதேவன் இயக்கி, வடிவேலு இரட்டை வேடமேற்று 2006இல் வெளிவந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ இதற்குத் தக்க சான்று. கதை நிகழ்வது கும்பினியார் ஆதிக்கம் பரவிய 18ஆம் நூற்றாண்டில். அரசனோ அயல்நாட்டுக் குளிர்பானங்களுக்கு விளம்பரம் செய்கிறான். சாதிச் சண்டைக்கென மைதானம் திறக்கிறான். பானங்களுக்கு இடப்பட்ட ‘அக்காமாலா’, ‘கப்சி’ என்னும் பெயர்களே பார்வையாளரை நிகழ்காலத்துக்கு இழுத்துவிடுகின்றன. கோக்கக் கோலா உருவானதே 1886இல்தான் என்று எவரும் இங்குக் குறை சொல்வதில்லை. குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக 2003இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிவித்ததும், அதையொட்டிய விவாதங்களும் அன்றைய பார்வையாளரின் நினைவில் இருந்தன. மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நிலைக்களன்களுள் எள்ளல் இயக்குநருடையது. பேதைமையும் மடனும் அரசனுடையவை. காலவழுவே இவற்றை ஒரே காட்சியில் பிணைக்கிறது.

இப்படத்தின் வழு ஓரடுக்கினதன்று என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது. அதன் அரண்மனை எந்த 18ஆம் நூற்றாண்டு அரண்மனையையும் ஒத்ததன்று. 1950களின் படப்பிடிப்பு நிலைய அரண்மனை அது. இரட்டைப் பிறவிகள் பிரிந்து வளர்ந்து இடம் மாறும் கதைப்பின்னல் ‘உத்தமபுத்திர’னை (1958) நினைவூட்டுகிறது. அடுக்குமொழி வசனமும் அக்காலத் திரைத்தமிழே. வடிவேலுவின் நாவில் அச்செந்தமிழ் இடையிடையே வழுக்கி மதுரை வட்டாரப் பேச்சில் விழுகிறது. நன்னூலார் கணக்கில் இதனை மரபுவழுவோடு சேர்க்கலாம். ஆக, வரலாற்றை மட்டுமன்றித் தமிழ்த் திரை வரலாற்றைப் புனைந்த முறையையும் படம் எள்ளுகிறது. தகவற்பிழை தேடும் திறனாய்வு தவறவிடுவது இதனைத்தான்.

சோவின் ‘முகமது பின் துக்ளக்’ (1971) வேறு வகையினது. 14ஆம் நூற்றாண்டுச் சுல்தான் இன்றைய அரசியலில் நுழைவது காலவழுபோல் தோன்றினும், வந்தவர் வேடதாரி எனத் தெரிந்ததும் அது வழாநிலையாகிவிடுகிறது.

தொடர்ச்சிப் பிழையின் இயல்பு இதனின் வேறுபட்டது. காட்சிகள் கதை வரிசையில் படமாக்கப்படுவதில்லை. நகைச்சுவைப் பகுதிகளைத் தனியே எடுத்துப் படத்தோடு இணைக்கும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. உடை, பொருள், எண்ணிக்கை மாறிவிடுவது இவற்றின் விளைவு. அவ்வெண்ணிக்கையையே நகைப்பொருளாக்கியது ‘கரகாட்டக்கார’னின் (1989) வாழைப்பழக் காட்சி. எஞ்சிய ஒரு பழத்தைக் காட்டி, அதுவே மற்றொன்று என்று சாதிப்பவர், தொடர்ச்சிப் பிழையைக் கண் முன்னே நிகழ்த்துகிறார்.

ஐயுறும் இடத்தில் ஒரு சோதனை உதவும்: பிறழ்ந்த பொருளை நீக்கிப் பார்ப்பது. குளிர்பானத்தை நீக்கினால் புலிகேசியின் காட்சியே இல்லை. மின்கம்பத்தை நீக்கினால் எதுவும் குறைவதில்லை. வடசென்னைக் கடற்கரையை வைத்தும் இதனை விளக்கலாம். எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது 2001இல். காட்டுப்பள்ளித் துறைமுகம் அதற்கும் பிந்தியது. இராயபுரம் இரயில் நிலையம் திறக்கப்பட்ட 1856ஐக் களமாகக் கொண்ட கதையைக் காட்டுப்பள்ளி மணலில் எடுத்து, சட்டகத்தின் ஓரத்தில் சரக்குப் பெட்டி தூக்கும் ராட்சத இயந்திரம் தெரிந்துவிட்டால் அது வழு. அதே இயந்திரத்தைச் சிற்றரசன் ஒருவன் அண்ணாந்து பார்த்து, ‘இவ்வளவு உயரமான யானையை எவன் இங்குக் கட்டிவைத்தான்?’ என்று அமைச்சரைக் கடிந்துகொண்டால் அது வழுவமைதி.