பழைய கார்களும் பிறேக் சிலிண்டர்களும்

1948 முதல் 1971 வரை பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனர் கார்கள் இன்றும் எமது வீதிகளில் ஓடுகின்றன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ-40 கார்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடின. இவற்றின் இயந்திரத்துக்கும் வர்ணப்பூச்சுக்கும் காட்டப்படும் அக்கறை பிறேக்குக்குக் காட்டப்படுவதில்லை என்பது கவலைக்குரியது.

இக்கார்களில் ஒரு பிரதான சிலிண்டரே நான்கு சில்லுகளுக்கும் திரவத்தைத் தள்ளுகின்றது. சுற்று ஒன்றே. எங்கேனும் ஒரு றப்பர் கிழிந்தாலோ, துருப்பிடித்த குழாய் வெடித்தாலோ நான்கு சில்லுகளிலும் பிறேக் ஒருசேர அற்றுப்போகும். எஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. இவ்வபாயம் கருதியே அமெரிக்கா 1968 இல் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கியது. எனவே பழைய காரை மேம்படுத்த விரும்புவோர் முதலில் நாடவேண்டியது இரட்டைப் பிரதான சிலிண்டரையே; டிஸ்க் பிறேக்கை அன்று. மைனரில் இச்சிலிண்டர் சாரதியின் காலடியில், சட்டத்தினுள் மறைந்திருப்பதால் அதைக் கழற்றுவதே பெரும்பாடு. வேலை பின்போடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பெரிய சிலிண்டர் பூட்டினால் பிறேக் பலக்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பிரதான சிலிண்டரைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. எட்டில் ஏழு அங்குல விட்டத்தை முக்கால் அங்குலமாகக் குறைத்தால், அதே கால் அழுத்தத்துக்குத் திரவ அமுக்கம் ஏறத்தாழ 36 வீதம் கூடும். ஆனால் மிதி செல்லும் தூரமும் அதே அளவு கூடும். சில்லுச் சிலிண்டர்களிலோ பெரிய விட்டமே கூடிய விசையைத் தரும். எனினும் பின் சில்லுகளில் அளவுக்கு மீறிப் பெருப்பித்தால் மழை வீதியில் அவை முதலில் இறுகி, கார் சுழன்றுவிடும்.

புதிய பிரதான சிலிண்டரைப் பூட்டி, பழைய சில்லுச் சிலிண்டர்களையும் றப்பர் குழாய்களையும் அப்படியே விடுவது ஆபத்தானது. கூடிய அமுக்கம் நலிந்த இடத்தையே தேடிச்செல்லும். அவசரத்துக்கு இயந்திர ஒயிலை ஊற்றுவோரும் உளர். அது றப்பர்களை ஊதச் செய்து முழுத்தொகுதியையும் பாழாக்கும். வழமையான பிறேக் திரவமோ ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய திரவம் கடுகண்ணாவை போன்ற இறக்கங்களில் சூடேறிக் கொதித்தால் மிதி தரையைத் தொட்டுவிடும். ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறையேனும் அதனை மாற்றுதல் வேண்டும்.

வேலை முடிந்து காற்று முற்றாக அகற்றப்பட்டதும், காரை நிறுத்தியவாறே மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதி மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிவு உள்ளது. அதைக் கண்டுபிடிக்கும் வரை வாகனத்தை வீதிக்கு எடுக்கலாகாது.