'கல்வியாளர்' என்றால் யார்? கோர்ட்டு பிரித்துப் பார்த்த நிபுணர் அறிக்கை!

பள்ளிக்கூடம் பற்றி புதுசாக ஒரு சட்டம் வந்தால் போதும். மறுநாள் பேப்பரில் நாலு பேர் படம் போட்டு கருத்து வரும். இரவு டெலிவிஷனில் விவாதம். எல்லோர் பெயருக்கும் கீழே ஒரே பட்டம்: 'கல்வியாளர்'.

"இவரு யாருப்பா?" என்று டீக்கடையில் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒருவர் முன்னாள் துணைவேந்தராக இருப்பார். ஒருவர் பேராசிரியர். இன்னொருவர் தனியார் பள்ளிக்கூட தாளாளர். அந்தச் சட்டம் வந்தால் அவருடைய பீஸ் வசூலே ஆட்டம் கண்டுவிடும்! அதையெல்லாம் யாரும் போடுவதில்லை.

இந்த நிபுணர் கருத்துக்கு எடை என்ன என்று தமிழ்நாட்டில் ஒரு தடவை கோர்ட்டே தராசு பிடித்தது.

குடோனில் புத்தகம்

அது 2011-ம் ஆண்டு, சமச்சீர் கல்வி வழக்கு. ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு விதமாக இருந்த படிப்பை ஒன்றாக்க யோசனை சொன்னதே கல்வியாளர்கள்தான். பாரதிதாசன் பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் முத்துக்குமரன் தலைமையில் போட்ட கமிட்டி, 2007-ல் அறிக்கை கொடுத்தது. 2010-ல் சட்டம் வந்தது. 1-ம் வகுப்புக்கும் 6-ம் வகுப்புக்கும் அந்த ஆண்டே புதுப் புத்தகம்.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. புத்தகத்தில் தரமில்லை என்று ஜூன் மாதம் சட்டத்தைத் திருத்தி நிறுத்தி வைத்தார்கள். சுமார் 200 கோடி ரூபாய் செலவில் அச்சடித்த புத்தகங்கள் குடோனில் கிடந்தன. பிள்ளைகள் வெறும் பையோடு வகுப்புக்குப் போனார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது.

பத்திரிகைகளில் கல்வியாளர்களுக்கு ஓய்வே இல்லை. "தரம் உண்டு" என்றார் ஒருவர். "கிடையவே கிடையாது" என்றார் மற்றவர். ஆனால் வழக்கில் இருந்த பெரிய கேள்வி வேறு. 'செல்லும்' என்று கோர்ட்டு ஏற்கனவே சொன்ன சட்டத்தை இன்னொரு சட்டம் போட்டு முடக்கலாமா? கணக்குப் பாடத்தைக் கரைத்துக் குடித்த பேராசிரியருக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே! அது வக்கீல் சமாசாரம்.

குறிப்பு வேறு, அறிக்கை வேறு

'நிபுணர் குழு போட்டு ஆராயுங்கள்' என்று ஜூன் 14-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. தலைமைச் செயலாளர் தலைமையில் 9 பேர் குழு அமைந்தது. கல்வித்துறை நிபுணர்களும் இருந்தார்கள், பெரிய தனியார் பள்ளிகளை நடத்துகிறவர்களும் இருந்தார்கள். இது சரியா என்று அப்போதே சலசலப்பு.

ஜூலை முதல் வாரம் அறிக்கை வந்தது. புத்தகங்கள் உதவாது என்றது அறிக்கை. ஐகோர்ட்டு அதோடு விடவில்லை. உறுப்பினர்கள் தனித்தனியே எழுதிக் கொடுத்த குறிப்புகளையும் படித்தது. குறைகள் சொல்லியிருந்தார்கள், திருத்தச் சொல்லியிருந்தார்கள். ஆனால் சமச்சீர் கல்வியையே தூக்கிப் போட வேண்டும் என்பது அவர்கள் கருத்தாக இல்லை என்று நீதிபதிகள் கண்டார்கள். அறிக்கையை மட்டும் படித்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

ஜூலை 18-ந்தேதி தலைமை நீதிபதி எம்.ஒய்.இக்பால், நீதிபதி டி.எஸ்.சிவஞானம் இருவரும் திருத்தச் சட்டத்தை ரத்து செய்தனர். அரசு அப்பீல் போனது. ஆகஸ்டு 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு 25 காரணங்களை அடுக்கி, 10 நாளில் சமச்சீர் கல்வியை அமல்படுத்தச் சொன்னது.

ஒரு வழியாக புத்தகம் பிள்ளைகள் கைக்கு வந்தது, சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டியபடி!