காலம் தவறாத தரகன்

ஓர் இயந்திரத்தில் இயங்கும் மென்பொருட்கூறு, நெடுந்தொலைவிலுள்ள மற்றொன்றை அடுத்த வீட்டாரை அழைப்பதுபோல அழைத்துப் பணிகொள்ள வேண்டும் என்னும் நோக்கத்தோடு 1991ஆம் ஆண்டில் வெளிவந்த கோர்பா என்னும் பொதுவிதி, இயந்திர பேதமும் கணினிமொழி பேதமும் பாராத ஒரு தரகனை இரண்டுக்கும் நடுவே நிறுத்தியது. அலுவலகக் கணக்குகளுக்கு அது போதும். பறக்கும் விமானத்தின் கணினிகளுக்கிடையே செல்லும் செய்தியோ, பிழையின்றி இருப்பதோடு குறித்த கணத்துக்குள் வந்து சேரவும் வேண்டும்.

1990களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஷ்மிட்டும் அவருடைய சகாக்களும் ஏடிஎம் என்னும் அதிவேக வலையமைப்பில் இந்தத் தரகனைப் பரிசோதித்தபோது, கம்பியின் வேகம் எவ்வளவு பெருகினும், செய்தியை வீணே பலமுறை பிரதியெடுப்பதிலும், உரியவரை வரிசையாகத் தேடுவதிலும் தரகனே காலத்தை விரயம் செய்கிறான் என்பது புலனாயிற்று. அதனினும் விபரீதமானது, அவசரச் செய்தி அற்பச் செய்தியின் பின்னே காத்து நிற்பது. குறுகிய பாலத்தில் வைக்கோல் வண்டிக்குப் பின்னால் வைத்தியரின் வண்டி அகப்பட்டுக்கொள்வதை ஒத்தது அது.

ஆகவே அவர்கள் ஆக்கிய டாவோ என்னும் தரகன், ஒவ்வொரு முன்னுரிமைக்கும் தனிப்பாதை வகுத்தான். வேகத்தைக் காட்டிலும் நிச்சயத்தையே அவர்கள் பெரிதாக மதித்தது எனக்கு மிகவும் உவப்பானது. போயிங் நிறுவனத்தாரின் விமானக் கணினி அமைப்பிலும் பின்னர் டாவோ இடம்பெற்றது.