பெட்டியில் உறங்கும் படங்கள்

வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் என் கண்கள் முதலில் சுவரைத்தான் தேடும். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில், ஆலைத் தொழிலாளி ஒருவரின் வாடகை வீட்டில் சுவர்கள் வெறுமையாயிருந்தன. "படம் ஒன்றும் இல்லையா அம்மா?" என்றேன். "இருக்கிறது சாமி. ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்" என்று கூறியவர், கட்டிலுக்கடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். சேலைகளுக்கிடையே திரு இருதயப் படமும், மாமனார் மாமியாரின் மணக்கோல நிழற்படமும் கிடந்தன. ஊரைவிட்டு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றனவாம். இங்கேயே பிறந்த சிறுமிக்கு, மறைந்த தாத்தாவின் முகம் தெரியாது.

இதைச் சிறு குறை என்று நான் எண்ணவில்லை. இதே வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, கற்கருவிகள் மட்டுமின்றிப் பழங்கால அணிகலன்களும் கிடைத்தன. உழைக்கும் கருவி மட்டுமே மனிதனுக்கு எக்காலத்திலும் போதுமானதாயிருந்ததில்லை.

எளியோர் இல்லத்திற்கு வண்ணப்படம் வந்த வரலாறும் நெடியதன்று. 1894இல் இரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம், செல்வர் மாளிகைகளை அலங்கரித்த ஓவியங்களை அச்சுப்படங்களாக்கிப் பரப்பியது. பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) போன்றோர் தீட்டியவை நாட்காட்டிகளாக வந்தன. ஆண்டு முடிந்ததும் மக்கள் அவற்றைச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டனர். பழைய வீடுகளில் உத்தரத்தை ஒட்டி, முன்புறம் சாய்த்து, வரிசையாகத் தொங்கவிடுவர். தரையில் அமர்ந்து நிமிர்ந்து நோக்குவோர்க்கு அச்சாய்வு உதவிற்று.

இன்றைய சிற்றறைகளில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருத்தல் நன்று. குழந்தைகள் காண வேண்டியது இன்னும் தாழ இருக்கலாம். ஆணி கூடாதெனில், அலமாரித் தட்டில் சாய்த்து வைத்து, நழுவாதபடி முன்னே ஒரு மரச்சட்டத்தைப் பொருத்துங்கள். ஒட்டும் கொக்கிகள் எடை குறைந்த படங்களுக்கே ஏற்றவை. ஈரம் ஊறும் சுவரில் அவை நிற்பதில்லை. வீட்டுக்காரர் இசைந்தால், இரண்டே திருகாணிகளில் ஒரு மரப்பட்டையைப் பொருத்தி, அதிலிருந்து பல படங்களைத் தொங்கவிடலாம். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால், இடையே காற்றோடும். பூசணம் எளிதில் பற்றாது. வெயில் நேரே விழும் சுவரும், அடுப்புப் புகை படியும் சுவரும் ஆகா. எல்லாவற்றிற்கும் மேலாக, சுவரை நிரப்ப முயலாதீர்கள். பத்துப் படங்களை எவரும் பார்ப்பதில்லை, இரண்டைப் பார்ப்பர்.

அன்று வீட்டுக்காரரிடம் நானே பேசினேன். வீட்டைக் காலி செய்யும்போது துளைகளை அடைத்துப் பூசித் தருவதாகக் குடும்பத்தலைவர் வாக்களித்தார். நம் சமயத்தவரல்லாத அப்பெரியவர் இசைந்ததோடு, துளையிடும் கருவியையும் தாமே கொண்டுவந்தார். படம் ஏறியதும் சிறுமி, "இது யார் அம்மா?" என்று கேட்டாள். தாய் சொல்லத் தொடங்கினார், நான் விடைபெற்றேன்.

அன்பர்களே, உங்கள் பெட்டியில் உறங்கும் படம் எது? இந்த ஞாயிறன்றே அதை வெளியே எடுங்கள். குழந்தைகள் கேட்பார்கள், நீங்கள் சொல்லுங்கள்.