8.8 ஆக இருந்த வறுமை 33.8 ஆனது எப்படி?

அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்குத் தகவல்களைப் புதுப்பிக்கும் கடைசி நாள் நெருங்கும்போதெல்லாம், பெரகல, கொஸ்லந்தை, அபுத்தளைப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் இரண்டு கேள்விகள் மாறி மாறி வருகின்றன. 'வறுமைக் கோட்டுக்கு மேலே போய்விட்டால் கொடுப்பனவை வெட்டிவிடுவார்களா?' என்பது ஒன்று. 'யுத்தம் முடிந்ததும் தோட்டத்தில் வறுமை குறைந்துவிட்டது என்றார்கள். பிறகு மூன்றில் ஒருவர் ஏழை என்கிறார்கள். எதை நம்புவது?' என்பது மற்றது.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்தான். அஸ்வெசும யாருக்கு என்பதை அந்தக் கோடு தீர்மானிப்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போட்டே ஆளைத் தெரிவு செய்கிறார்கள். வறுமைக் கோட்டுக்கு வேறு வேலை. நாடு முன்னேறியது என்று மேடையில் சொல்ல ஓர் எண் வேண்டுமே, அதைத் தருவது அந்தக் கோடு.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெருந்தோட்டத் துறையில் வறுமையில் இருந்தோர் 2006/07இல் 32.0 சதவீதம். 2009/10இல் 11.4. 2012/13இல் 10.9. 2016இல் 8.8. அடுத்த ஆய்வில், 2019இல், 33.8! நாடு முழுவதற்குமான எண்ணும் அப்படித்தான் 4.1இலிருந்து 14.3க்குத் தாவியது. கொரோனாவும் 2022 நெருக்கடியும் வருவதற்கு முந்திய கணக்கு இது.

2016க்கும் 2019க்கும் இடையில் தோட்டத்தில் அப்படி எந்த இடியும் விழவில்லை. மாறியது கோடு.

பழைய கோடு 2002இல் போடப்பட்டது: ஆளுக்கு மாதம் 1,423 ரூபா. அதைப் போட்ட விதத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. ஒருவருக்கு நாளைக்கு 2,030 கலோரி வேண்டும், அதற்கான சாப்பாட்டுச் செலவு மாதம் 973 ரூபா என்று முதலில் கணக்கிட்டார்கள். சரி, சாப்பாடு தவிர்ந்த செலவுக்கு எவ்வளவு? சவர்க்காரம், மண்ணெண்ணெய், பஸ் காசு, சேலை, கொப்பி என்று பட்டியல் போட்டால் சண்டைதான் வரும். அதனால் ஏழைகளிடமே விடையைத் தேடினார்கள். மொத்தச் செலவே 973 ரூபாவாக இருப்பவரைப் பாருங்கள். அந்தக் காசு முழுவதும் சாப்பாட்டுக்கே சரி. அப்படியிருந்தும் அவர் 294 ரூபாவை வேறு பொருளுக்குச் செலவழிக்கிறார். வயிற்றைக் கட்டி வாங்கிய பொருள் அத்தியாவசியமாகத்தான் இருக்கும் என்பது தர்க்கம். அடுத்து, சாப்பாட்டுக்கு மட்டும் 973 செலவழிப்பவரைப் பார்த்தார்கள். அவருடைய மற்றச் செலவு 606. இரண்டுக்கும் நடுவே 450. ஆக 973உம் 450உம் சேர்ந்து 1,423.

தர்க்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதை அப்படியே உறைய வைத்ததுதான் கோளாறு. வடக்கும் கிழக்கும் சேராத 2002 ஆய்வில், அன்றைய ஏழை தனக்கு எதை மறுத்துக்கொண்டாரோ அதுவே அடுத்த பதினைந்து வருடத்துக்கு நாட்டின் அளவுகோலாகிவிட்டது. வருடா வருடம் விலைவாசிக்கு ஏற்பக் கோடு உயர்ந்தது, அதுவும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வைத்து. ஆனால் கோடு கணக்கிடும் பொருட்கூடைக்குள் புதிதாக எதுவும் சேரவில்லை. தோட்டத்து லய வீடுகளுக்குக் கைத்தொலைபேசி வந்தது, ரியூஷன் வகுப்பு வந்தது, பிள்ளையைப் பண்டாரவளைப் பாடசாலைக்கு அனுப்பும் வழக்கம் வந்தது. இவை எதற்கும் அந்தக் கோட்டில் இடமில்லை.

பிறகு, யுத்தத்துக்குப் பின் எல்லா மாவட்டங்களும் அடங்கிய 2012/13 ஆய்வை வைத்துக் கோட்டைப் புதிதாகப் போட்டார்கள். 2012/13க்குப் பழைய கோடு 3,624 ரூபா, புதிய கோடு 5,223. அதே வருடம், அதே கடை விலை. இடையிலிருக்கும் 1,599 ரூபாவில்தான் தோட்டத்து 'முன்னேற்றத்தில்' பெரும்பகுதி கரைந்துபோனது.

இங்கே எதிர்க்கட்சி மேடைகளையும் கொஞ்சம் எச்சரிக்க வேண்டும். மூன்று வருடத்தில் வறுமை நான்கு மடங்கானது என்பதும் பொய்க் கணக்குத்தான். பழைய கோட்டுக்குள் மட்டும் பார்த்தால் 32இலிருந்து 8.8க்கு இறங்கியது உண்மை, தோட்டத்து மக்கள் முன்பைவிடக் கூடுதலாகச் செலவழித்தார்கள். 2009 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் மேலதிகக் கொடுப்பனவுகளோடு 405 ரூபாவானது. ஆனால் கோட்டை ஒட்டி நெருக்கமாக நிற்கிற கூட்டத்தில், கொஞ்சம் கையில் ஏறினாலே ஆயிரக்கணக்கானோர் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். கொஞ்சம் குறைந்தால் அதே வேகத்தில் திரும்பி வருவார்கள்.

2025இன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தேசியக் கோடு அப்போது ஆளுக்கு மாதம் 16,000 ரூபாவுக்கும் மேல், நால்வர் குடும்பத்துக்கு 64,000க்கும் மேல். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ஆனது. 25 நாள் பேர் விழுந்தால், அதாவது முழு நாள் வேலை பதிவானால், 33,750, ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போனால் 31,050. கணவனும் மனைவியும் ஒரு நாள் தவறாமல் மலையேறினாலும் 62,100. மழை நாளும் அரைப்பேரும் இந்தக் கணக்கில் இல்லை.

இன்னொரு சங்கதி. கோடு பார்ப்பது வருமானத்தை அல்ல, செலவை. கடைக் கொப்பியில் எழுதி வாங்கிய அரிசியும் நகையை அடகு வைத்துக் கட்டிய ரியூஷன் காசும் செலவாகத்தான் பதிவாகும். கடன் வாங்கிச் சாப்பிடும் குடும்பம் கோட்டுக்கு மேலே நிற்கும். கடன்காரன் வாசலில் நிற்பது எந்தப் படிவத்திலும் வராது. வீடு எந்த மண்ணில் நிற்கிறது என்பதும் கோட்டுக்குத் தெரியாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அதற்கு முந்திய ஆய்வின்படி தோட்டத்து வறுமை 10.9 சதவீதம்.

மற்றக் கேள்விகள்:

கோடு ஏன் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு? விலை வேறு என்பதால். வழக்கமாகக் கொழும்பில் ஆக உயர்வு, நம் ஊவாவின் மொனராகலையில் ஆகக் குறைவு.

2025இல் அஸ்வெசுமவில் எவ்வளவு கொடுத்தார்கள்? மிக வறியோர் குடும்பத்துக்கு மாதம் 17,500, வறியோருக்கு 10,000.

சம்பளம் கூடினால் உடனே வெட்டா? ஒரு குறிகாட்டியை மட்டும் வைத்து முடிவெடுக்கும் முறை அல்ல.

லயக் காம்பரா என் சொத்தா? உறுதிப்பத்திரம் உங்கள் பெயரில் இல்லையென்றால் இல்லை. படிவத்திலும் அப்படியே சொல்லுங்கள்.

பெயர் விடுபட்டால்? பிரதேச செயலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.