தூண்டிலுக்கு மீன் சினை

மன்னார்த் தீவின் பேசாலையிலும் தலைமன்னாரிலும் வாழ்வோருக்கு மீனை உப்பிட்டு உலர்த்தும் கலையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கடலும் வெயிலும் காற்றும் அவர்கள் வாசலிலேயே இருக்கின்றன; உப்போ மன்னார் உப்பளத்திலேயே விளைகின்றது. மீனை அறுக்கும்போது வயிற்றில் சினை கண்டால் அது கறிச்சட்டிக்குச் செல்லும். அல்லது மீனோடு சேர்ந்து காயும். அதனை வீட்டிலேயே பதப்படுத்தித் தூண்டில் இரையாக வைத்துக்கொள்ளலாம் என்பது அக்கரையில் அவ்வளவாகப் பழகாத செய்தி. அங்குள்ள தூண்டிற்காரர் பெரிதும் நம்புவது கணவாயையும் இறாலையும் சூடை மீனையுமே.

சினையை இரையாக்கும் வழக்கம் செழித்து வளர்ந்தது வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளிலாகும். அங்கே சால்மன் மீனின் முட்டை ஏறக்குறையப் பட்டாணி அளவினது, செந்நிறமானது, ஆற்று மீன்கள் அதனை விரும்பி உண்பவை. மன்னார்க் கடலின் அறுக்குளா, பாரை, மணலை ஆகியவற்றின் முட்டைகளோ கடுகினும் சிறியவை. அவற்றை ஒவ்வொன்றாகத் தூண்டில் முள்ளில் ஏற்ற இயலாது. ஆகையால் சவ்வோடு கூடிய சினைத் துண்டே இக்கடலுக்கு இரை. சவ்வு கிழிந்தால் எல்லாம் போயிற்று.

கருவாடு போட்டுப் பழகிய கை இவ்வேலையில் எளிதில் தவறிவிடும். கருவாட்டின் நோக்கம், கூடியமட்டும் நீரை வெளியேற்றிக் கெடாமற் காப்பது. இரையின் நோக்கமோ வேறு. கலங்கிய நீரிலும் இருளிலும் மீன் இரையைக் கண்ணாற் காண்பதற்கு முன் மூக்கால் அறிகின்றது. சினையினின்று நீரிற் கரையும் அமினோ அமிலங்களே அதற்கு அழைப்போலை. கெளிறு போன்ற மீன்களுக்கு மீசையிலும் உடலின் மேலுங்கூடச் சுவையரும்புகள் உண்டு. கல்லாகக் காய்ந்த சினை அந்த மணத்தை எளிதில் வெளிவிடாது. பச்சைச் சினையோ முதல் அலையிலேயே முள்ளைவிட்டுக் கரைந்து போகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தில் நிறுத்துவதே வேலையின் நுட்பம்.

மீன் பிடிபட்ட அன்றே சினையை எடுத்தல் வேண்டும். முதலிற் கெடுவது இரத்தம். சவ்வின்மேல் ஓடும் இரத்தக் குழாய்களை ஊசியாற் குத்தி, கரண்டியின் முதுகால் மெல்ல வழித்து அதனை நீக்கவேண்டும். கிணற்று நீரிற் கழுவலாகாது. நன்னீர் ஊறினால் முட்டைகள் தளர்ந்துவிடும். தூய கடல்நீரில் ஒருமுறை அலசினாற் போதும். பின்பு இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, பத்துப் பங்கு சினைக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் தூவி, கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு வைத்தல் வேண்டும். உப்பு நீரை இழுக்க, சினை தன் சாற்றிலேயே மிதக்கும். இடையில் இரண்டு மூன்று முறை போத்தலைப் புரட்டி வைப்பது நன்று. சிலர் சிறிது சீனியும் சேர்ப்பர்; அது சினை விறைத்துப் போகாமல் தடுக்கும்.

மறுநாள் சாற்றை வடித்து, துண்டுகளை வலைத்துணியின்மேல் பரப்பி நிழலில் காற்றாட விடவேண்டும். வெயில் கூடவே கூடாது. சோளகம் வீசும் மாதங்களில் சிறிது நேரத்திலேயே பதம் வந்துவிடும். வாடைக்கால ஈரத்தில் அவ்வளவு விரைவில் வராது, ஈயும் மொய்க்கும். பெருவிரலால் அழுத்தினால் துண்டு வளைய வேண்டும், விரலில் ஒட்டலாகாது. அதுவே பதம். உப்பு தூவி அடுக்கி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடலாம். முள்ளில் ஏற்றியபின் மெல்லிய நூலால் இரண்டு சுற்றுச் சுற்றினால் சிறு மீன்கள் கொத்தினும் இரை நிற்கும்.

வீட்டில் செய்யும் வேலையாதலால் எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. பேத்தை மீனின் சினையை எக்காரணங்கொண்டும் தொடலாகாது. அதன் சினையிலும் ஈரலிலும் உள்ள நஞ்சு உப்பிட்டாலும் உலர்த்தினாலும் வேகவைத்தாலும் அழிவதில்லை. இரைக்கென்று வைத்ததைக் கறிக்கென்று எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்த மீனின் சினை என்று தெரியாததை வீட்டுக்குள் கொண்டுவராதிருப்பதே அறிவுடைமை. அமெரிக்கர் இரைச் சினையில் வெண்காரம் சேர்ப்பதுண்டு. அதுவும் உண்ணத் தகாதது. சமையலறைப் பாத்திரத்தில் அதற்கு இடமில்லை. உப்பு மட்டுமே போதுமானபோது அதனைத் தேடுவானேன்? எவ்வாறாயினும் இரைப் போத்தலுக்குத் தனி அடையாளம் இட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

பெரிய முட்டை வேண்டுமென்று கடற்கெளிற்றை நாடுவோரும் இருக்கலாம். அதன் முட்டை கோலிக்குண்டு போல் இருப்பது மெய்தான். ஆனால் அது இடுவது சில பத்து முட்டைகளே. அவற்றை ஆண் மீன் வாயிலே சுமந்து, குஞ்சு பொரித்து வளரும்வரை இரை உண்ணாமற் காக்கின்றது. வலையில் அகப்பட்ட ஆண் கெளிற்றின் வாயினின்று சிதறும் முட்டைகளை இரைக்கென்று பொறுக்குவது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதாகும். கறிக்காக அறுத்த மீனின் சினையே தூண்டிலுக்குப் போதும்.